எர்த் பிடிக்காத வண்டி

வண்டி எண் 3. சனியின் நிலவு டைட்டன், தெற்கு மணல்மேடுகள்.
எழுதுபவர்: பொற்கொடி, வண்டி மின்பணி.

நாள் 212, 07:40
வெளியே மைனஸ் 179 டிகிரி. செம்மஞ்சள் மூட்டம். எண்பது மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. நேற்று முன் அச்சு முறிந்தது, வண்டி நகராது. இழுத்துப்போக நிலையத்தின் இரண்டாவது வண்டி இன்று மாலை ஏழு மணிக்கு வரும். அதுவரை சும்மா இருப்பானேன் என்று என் கணவர் எழில்வாணன் ஒலி ஆய்வுக்கான மைக்குகளைத் தரையில் ஊன்ற நடந்தே கிளம்பிவிட்டார். வண்டியின் பின்னால் எட்டு வூஃபர் ஸ்பீக்கர், நான்கு ஆம்ப்ளிஃபயர். இங்கிருந்து சத்தம் அடித்தால் அது பனித்தரைக்குள் இறங்கித் திரும்பும். அதை வைத்துத் தரையின் தடிமனை அவர் கணக்கிடுவார். கோயம்புத்தூரில் பதினோரு வருடம் கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டியவள் நான். இங்கே வேலை கிடைத்தது அதனால்தான்.

09:12
மீத்தேன் மழை. வாணனிடமிருந்து வந்தது:
"கொடி, மேட்டுல வழுக்கி உருண்டுட்டேன். முதுகுல ஏரியல் ஒடிஞ்சாப்புல இருக்குது. நடந்த தடமெல்லாம் மழையில போயிருச்சு. எந்தப் பக்கம்னு..."
அத்தோடு நின்றது. பதினெட்டு முறை அழைத்தேன். பதில் இல்லை. அவரிடம் மாலை ஐந்து மணி வரைக்கும் ஆக்சிஜன் இருக்கிறது.

09:35
இங்கே காற்று பூமியைவிட நான்கு மடங்கு அடர்த்தி. சத்தம் வெகுதூரம் போகும். அவர் ஹெல்மெட்டில் வெளியே எழும் சத்தத்தைப் பிடிக்கும் மைக் தனி, ரேடியோ போனாலும் அது வேலை செய்யும். நாற்பது ஹெர்ட்ஸ் தாழ்ந்த சத்தத்தை விடாமல் அடித்தால் அதைப் பிடித்து நடந்து வந்துவிடுவார்.
முழு வால்யூம் வைத்தேன். பத்தே விநாடி. வோல்ட்டேஜ் 10.4க்கு இறங்கி, நான்கு ஆம்ப்பும் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிட்டன. பாதி வால்யூமில் நிற்கிறது. பாதி போதாது.
நிலையத்திலிருந்து ரஹ்மத்: "அக்கா, பதறாதீங்க. ஒவ்வொண்ணாப் பாருங்க."

10:10
பேட்டரி குளிர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். சூடேற்றுகிறேன். அதுவரை பாதி வால்யூம், நடுநடுவே என் குரல்: "ஏனுங்க, சத்தம் வர்ற பக்கமா வாங்க. நான் இங்கயேதான் இருக்கறேன்."

12:20
பேட்டரி சூடாகிவிட்டது. முழு வால்யூமில் மறுபடி 10.4. இரண்டு மணி நேரம் வீண். மீட்டரை எடுத்துக் கம்பி கம்பியாக அளந்தேன். பாசிட்டிவ் சரி. ஃபியூஸ் சரி. கரண்ட் வண்டியின் உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் எர்த்தும் சரி. எல்லாமே சரி என்கிறது மீட்டர்.

12:55
சத்தத்தை நிறுத்திவிட்டு அளந்திருக்கிறேன். கரண்ட் ஓடாதபோது எந்தக் கம்பியும் நல்ல கம்பிதான். கடையில் வேலைக்கு வந்தவர்களை இதற்காகவே எத்தனை முறை திட்டியிருப்பேன். பதற்றம் எல்லாவற்றையும் மறக்கடித்துவிட்டது.
இப்போது முழு வால்யூம் வைத்து, அந்தப் பத்து விநாடிக்குள் அளக்கிறேன். ஒரு முறைக்கு ஒரு இடம்.

13:15
பேட்டரி 13.6, அசையவில்லை. பாசிட்டிவ் கம்பியில் 0.3 இழப்பு. ஆம்ப்பிலிருந்து பேட்டரியின் நெகட்டிவுக்கு 2.9. எர்த் பிடிக்கவில்லை. வெளியே போகிறேன்.

14:30
வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, தடித்த கையுறையோடு ஒரே ஒரு போல்ட்டைக் கழற்ற நாற்பது நிமிடம் ஆனது. எர்த் கம்பியின் வளையம் பெயின்ட் மேலேயே உட்கார்ந்திருந்தது. சுரண்டாமல் முடுக்கியிருக்கிறார்கள். முடுக்கியிருக்கிறார்கள் என்று எழுதுகிறேன். வேலைச் சீட்டில் இருப்பது என் கையெழுத்து. இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி இறுக்கினேன்.

14:36
முழு வால்யூம். 13.2 வோல்ட். இறங்கவில்லை! வண்டியே அதிர்கிறது. "ஏனுங்க, இப்பக் கேக்குதுங்களா? வாங்க, வந்துருங்க."

16:15
மழை விட்டுவிட்டது, மூட்டமும் கொஞ்சம் விலகியிருக்கிறது. கூரை விளக்கையும் போட்டிருக்கிறேன். யாரும் வரவில்லை.

17:25
ரஹ்மத்: "அக்கா, பேட்டரி பதினெட்டு சதவீதம்தான் காட்டுது. ரெண்டாவது வண்டி வர்ற வரைக்கும் உங்க கேபின் சூடா இருக்கணும். சத்தத்த நிறுத்திருங்க."
மாட்டேன் என்றேன்.

17:50
ரஹ்மத் மறுபடியும்: "அஞ்சு மணியோட அண்ணனுக்கு..." அழுகிறான்.

17:52
நிறுத்தினேன்.

நாள் 213, 10:30
இரண்டாவது வண்டிக்காரர்கள் இரவெல்லாம் தேடி, காலையில் அவரைக் கண்டெடுத்தார்கள். அறுநூறு மீட்டர் தூரத்தில், மணலில் சாய்ந்து, வண்டியிருந்த பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாராம். ஹெல்மெட்டில் அவர் பேசியதெல்லாம் பதிவாகியிருக்கிறது. கேட்க வேண்டாம் என்று ரஹ்மத் கெஞ்சினான். கேட்டேன். இந்தக் குறிப்பைப் பின்னால் படிப்பவர்களுக்காக அப்படியே எழுதுகிறேன்.

11:21: "காத்தடிச்சா கேக்குது புள்ள, நின்னா காணோம். சுத்திச் சுத்தி அதே மேட்டுக்கே வர்றேன்."
13:04: "பத்து எண்ணறதுக்குள்ள நின்னு போகுது. என்னத்தையோ நோண்டறயாட்ட இருக்குது. நோண்டு, நோண்டு. நீ கண்டுபிடிச்சுருவ."
14:37: "அப்பாடா! நெஞ்சுக்குள்ள அதிருது. எந்தப் பக்கம்னு தெரிஞ்சுபோச்சு. வர்றேன், கொடி."
16:40: "முழங்கால் தாங்கமாட்டேங்குது. உக்காந்துட்டேன். ஆக்சிஜனப் பாதியாக் கொறச்சு வெச்சுருக்கறேன். நீ மட்டும் நிறுத்திராத. இதக் கேட்டுக்கிட்டே கொஞ்சம் தெம்பு வந்ததும் எந்திரிச்சர்றேன்."
17:51: "எந்திரிச்சு நின்னுட்டேன் புள்ள. ஒரு வெளிச்சம் மங்கலாத் தெரியறாப்புல இருக்குது."
17:53: "கொடி?"
17:58: "எந்தப் பக்கம் கொடி?"
18:14: "சரி, உடு. பேட்டரி போயிருக்கும். நீ என்ன பண்ணுவ பாவம். சூடா இரு."

அதற்குப் பிறகு மூச்சு மட்டும். பதினோரு நிமிடம்.

பேட்டரி போகலைங்க. பதினாலு சதவீதம் இருந்தது. நான்தான்