திட்டாத மேனேஜர்

5.8 செவ்வாய்
காத்து. ஆடி மாசம் நூல் மில் வாசல்ல நிக்க முடியல, வாயில பாதி மண்ணு. வீட்டுக்காரி செல்வி மக பிரசவத்துக்கு ஓசூர் போய் இன்னையோட பத்தொன்பது நாள். வாங்க வேண்டியது: புளி, சோப்பு, கேஸ் லைட்டர். இன்னைக்கும் ரெண்டு ஆளுக்குச் சோறு வச்சுட்டேன். கைப்பழக்கம்.

புது மேனேஜர் வந்து ரெண்டு வாரம். கோயமுத்தூர் பக்கம். வயசு என் மருமகனவிடக் கம்மி. எல்லாருக்கும் 'ங்க'. யாரும் பாக்காதப்ப மிஷினுக்கும் 'ங்க' போடுவார்னு நினைக்கிறேன்.

புது உத்தரவு: ஒரு மணிக்கு மொத்தமா சாப்பிடப் போகக் கூடாது, பேக்கிங் நிக்குதாம். ஆளுக்கு ஒரு நேரம். எனக்கு ரெண்டரை.

6.8 புதன்
சாப்பாட்டு ரூம். நான், நாலு பெஞ்சு, ஒரு ஃபேன். முன்னெல்லாம் பேப்பர் விரிச்சு தொட்டுக்கிற வெஞ்சனம் எல்லாத்தையும் நடுவுல வைப்போம். பேக்கிங்ல கூட நிக்கிற ஜபருல்லா வீட்டுக் கறி வந்தா என் புடலங்காயை ஒருத்தனும் சீண்ட மாட்டான். இன்னைக்கு முழுசையும் நானே தின்னு பாத்தேன். அவங்க செஞ்சது நியாயம்தான்.

8.8 வெள்ளி
தப்பு நடந்துபோச்சு. என் தப்பு.

அறுபதாம் நம்பர் நூலு மஞ்சக் கோன்ல சுத்தியிருக்கும், நாப்பது பச்சைக் கோன்ல. கலக்கவே கூடாது. மூட்டை தைக்கிறதுக்கு முன்னாடி மேஸ்திரி நான் "மஞ்சளா?"ன்னு கத்தணும். எதிர்ல ஜபருல்லா உள்ள எட்டிப் பாத்துட்டு "மஞ்சள்!"னு திருப்பிக் கத்தணும். இருபது வருசமா இப்படித்தான். இப்ப அவன் சாப்பிடப் போற நேரம் நான் ஒத்தை ஆளு. நானே கேட்டேன், நானே "மஞ்சள்"னு சொல்லிக்கிட்டேன். மனசு ஓசூர்ல. மூட்டைக்குள்ள பச்சை ஏழு.

லாரி ஏறுறதுக்கு முன்னாடி செக்கிங்ல சிக்குச்சு. நல்லவேளை.

பழைய மேனேஜர் போன மாசம் ரிட்டயர்டு. அவரா இருந்தா "ஏலே பாண்டி, கண்ண எங்கலே வச்சிருக்க?"ன்னு ஆரம்பிக்கிறது கேட்ல நிக்கிற பஸ் டிரைவருக்கும் கேக்கும். பத்து நிமிசத்துல அவரே டீ அனுப்புவார். இவர் சொன்னது: "பரவால்லீங்க. என்ன நடந்துச்சுன்னு எழுதிக் குடுத்துருங்க." அம்புட்டுத்தான்.

ஜபருல்லா சொல்றான்: "அண்ணே, திட்டுனா நம்மள வச்சுக்கப் போறாங்கன்னு அர்த்தம். இப்படி அமைதியா இருந்தா வேற ஆள் பாக்குறாங்க." ஆறுதலாம்.

9.8 சனி
கடிதம். படிச்சது பத்தாவது. இதுவரைக்கும் எழுதுனது லீவு லெட்டர் மட்டும்.
முதல் தாள்: லைட் மங்கல். பொய். கிழிச்சாச்சு.
ரெண்டாவது: வயசாயிருச்சு. படிச்சா நானே என்னை வேலைய விட்டுத் தூக்கிருவேன். கிழிச்சாச்சு.
மூணாவது: 'திருப்பிச் சொல்ல ஆள் இல்லைங்க சார்.' அதுக்கு மேல ஓடல. மடிச்சு வச்சுட்டேன்.

செல்வி போன்.
"சாப்ட்டீங்களா?"
"ம்."
"என்ன வெஞ்சனம்?"
"கத்திரிக்கா."
"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"
"ஆடிக் காத்து."
வேலை விசயம் சொல்லல. அங்க அவளுக்கு ஆயிரம் சோலி.

11.8 திங்கள்
ரெண்டரைக்குக் கடிதத்தோட மேனேஜர் ரூமுக்குப் போனேன். அவருக்குப் பார்சல் தயிர்சோறு. தொட்டுக்க ஒண்ணுமில்ல, ஊறுகாய்ப் பாக்கெட்டப் பல்லால கிழிச்சுக்கிட்டு இருந்தார். ஒத்தையில.

வாங்கிப் படிச்சார். ஒத்தை வரிதான், ரொம்ப நேரம் படிச்சார். நின்னேன். என் கையில டிபன் கேரியர், அதுல ரெண்டு ஆள் கத்திரிக்கா. என் வாய் என்னைக் கேக்காமலே, "சார், கொஞ்சம் வெஞ்சனம் வைக்கட்டுமா?"ன்னுருச்சு.

ஒரு வாய் வச்சார். மூஞ்சி சுருங்கிப்போச்சு.

"ஏனுங்க மேஸ்திரி, இது மனுசன் திங்கறதுங்களா! உப்ப அள்ளிக் கொட்டியிருக்கீங்க! கண்ண எங்கீங்க வச்சிருந்தீங்க?"

வெளிய ஜபருல்லா திரும்பிப் பாத்தான். அவ்வளவு சத்தம்.

"நிக்காம உக்காருங்க. நாளையிலருந்து மூட்டை தைக்கறப்ப ரெண்டு பேர் இருக்கோணுங்க. கேட்டுச்சுங்களா?"

கேட்டுச்சு. தண்ணி குடிச்சுக் குடிச்சு ரெண்டு பேருமா முழுசையும் தின்னு தீத்தோம்.

சாயங்காலம் செல்வி போன். "என்ன, இன்னைக்குக் குரல் தெளிஞ்சிருக்கு?"

"நல்லா திட்டு வாங்குனேன்"னேன்.