ஜோடி இல்லாத பிள்ளை

அன்புள்ள உனக்கு,

நம் டோபின் இறந்தபின் வந்த முதல் கோடை. நீ ஏரிக்கு வராதது நல்லதென்றே முதலில் நினைத்தேன். தண்ணீர் இன்னும் ஜில்லென்றுதான் இருக்கிறது. நேற்று சோளம் சுட்டோம்.

இன்று உயிர்காப்பாளர் தலை எண்ண விசில் ஊதியதும், இருவர் இருவராக நீந்திய பிள்ளைகள் வழக்கம்போல் தத்தம் ஜோடியின் கையைப் பிடித்து உயர்த்திக் காட்டினார்கள். நம் மார்னி தன் இரண்டு கைகளையும் ஒன்றாகக் கோத்து உயர்த்தினாள்.

"உன் ஜோடி எங்கம்மா?" என்றார் அவர்.

"எங்க அண்ணன்தான். இந்த வருஷம் வரல."

ஜோடியில்லாமல் நீந்தக் கூடாதென்று கரையேற்றிவிட்டார். நான் வரட்டுமா என்று கேட்டேன்.

"போம்மா, உனக்கு நீச்சலே தெரியாது. அப்புறம் உன்னையும் நான்தான் காப்பாத்தணும்!"

சிரித்தாள். ஆனால் ஈர நீச்சலுடையை மட்டும் மாற்ற மறுக்கிறாள். அப்பாவுக்கு நீந்தத் தெரியும் என்று ஒரே ஒருமுறை சொன்னாள்.

ஞாயிறு வரை இங்கேதான் இருப்போம்.

உன் மனைவி