உன் அத்தைக்கு வந்த போன்

மேலூர்,
வியாழக்கிழமை

அன்பு மகள் முனீஸ்வரிக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அப்பாவும் சுகம். உன் கால் கட்டு எப்படி இருக்கிறது என்று எழுது, எனக்கு எழுது, உன் அத்தையிடம் சொல்லி அவள் வாயால் நான் கேட்டுக்கொள்ள வேண்டாம். போனில் பேசினால் சண்டையில் முடியும், அதனால் நம் தெருப் பாண்டியராஜன் மகன் நீ இருக்கிற துபாய்க்குத் திரும்பும்போது பருப்புப் பொடியோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன்.

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன், முடியவில்லை. ஜார்ஜியாவுக்குச் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் பனியில் சறுக்கி விழுந்து நீ நினைவில்லாமல் கிடந்தபோது, ஆஸ்பத்திரிக்காரர்கள் பேசியது கோரிப்பாளையத்து அத்தை அழகம்மாளிடம். பெற்றவள் நான் இங்கே நெல் காயப்போட்டுக்கொண்டிருக்கிறேன். சாயங்காலம் அவள் பஸ் ஏறி வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். கல்லூரி படித்த மூன்று வருஷம் அவள்தான் உனக்குச் சோறு போட்டாள், இல்லை என்று சொல்லவில்லை, அதற்காக அவசரத்துக்கு அவள் பெயரையா எழுதிக் கொடுப்பாய் என்றுதான் அன்று நினைத்தேன். எங்க முனீசுக்குப் பெனிசிலின் ஊசி ஆகாதுன்னு இங்கிலீசுலயே சொல்லிட்டேன் மதினி, இல்லேன்னா எம்புட்டு ஆபத்து என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்கிறாள். எங்க முனீசாம்! நாலு வயதில் அந்த ஊசியால் உன் முகம் வீங்கியபோது தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் நான். அவளுக்கு அதைச் சொன்னவளும் நான்தான். எனக்கு வயிறு எரிந்தது, காபியில் சர்க்கரையைக் குறைத்துத்தான் போட்டேன். விட்டுக்கொடுக்க மனமில்லாமல் நானும் என் பெருமையைச் சொன்னேன். காலையில் வெளிநாட்டு நம்பரிலிருந்து மூன்று தடவை திருட்டு போன் வந்தது, மூன்றையும் கட் பண்ணிவிட்டேன், என்னை ஒருத்தனும் ஏமாற்ற முடியாது என்று. அவள் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் காபியைக் குடித்தாள்.

பத்திரமாக வைக்கச் சொல்லி நீ அனுப்பிய இன்சூரன்ஸ் தாளை அப்பா நேற்று படித்துக் காட்டினார். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர்கள் என்று இரண்டு பெயர். முதல் பெயர் மலையம்மாள், என் பெயர். இரண்டாவதுதான் அழகம்மாள். அந்த மூன்று போனும் உனக்காக வந்தவை, முனீசு. உன் அத்தைக்கு அன்றே புரிந்திருக்கிறது, இன்றுவரை உன்னிடமோ அப்பாவிடமோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்னும் அதிகமாக எரிகிறது.

இனி எந்த நாட்டுக்குக் கிளம்பினாலும் அந்த ஊர் நம்பர் எப்படித் தொடங்கும் என்று முதலில் எனக்குச் சொல். அங்கே ஆம்புலன்சுக்கு எந்த நம்பர், நம் தூதரகத்துக்கு எந்த நம்பர் என்று தாளில் எழுதி வைத்துக்கொள், போன் உடைந்தால் அதிலுள்ளது எதற்கும் ஆகாது. ஆகாத மருந்தின் பெயரை ஆங்கிலத்தில் எழுதிப் பாஸ்போர்ட்டோடு வை. எழுதித் தர உன் அத்தை வேண்டாம், டாக்டரிடம் கேள். தாளில் அவள் பெயர் இரண்டாவதாகவே இருக்கட்டும். கோபத்தில் என்னைக் கீழே இறக்கிவிடாதே.

இப்போதெல்லாம் எந்த வெளிநாட்டு போன் வந்தாலும் எடுத்துவிடுகிறேன். இன்று காலை ஒருவன் என் பெயரில் வந்த பார்சலைப் போலீஸ் பிடித்துவிட்டது என்றான். அது கெடக்கட்டும்ப்பா, எம் மக நல்லா இருக்காளா என்று கேட்டேன். வைத்துவிட்டான்.

அழகர் துணையிருப்பார். சீக்கிரம் எழுந்து நட. பொடியை ஈரக் கரண்டியால் எடுக்காதே.

முதல் பெயருக்கு உரிய உன் அம்மா,
மலையம்மாள்