மீன் மாட்டிய நேரம்

அன்புள்ள வெர்னான்,

தோள்பட்டை வலி தேவலையா?

நாம் காலில் துடுப்பு மாட்டி, ரப்பர் மிதவைகளில் உட்கார்ந்து தூண்டில் போட்ட அந்தச் சனிக்கிழமை காலை, ஏரி சந்தைக்கடையாக இருந்தது உண்மைதான். படகு இரைச்சலில் உன் கூப்பாடு எனக்குக் கேட்கவில்லை என்று அரிசோனா முழுக்க நீயே சத்தியம் செய்கிறாயாம். உன் மனைவி வேறு எனக்கு ஆப்பிள் பை பலகாரம் சுட்டு அனுப்பியிருக்கிறாள். வெட்கமில்லாமல் முழுசாகத் தின்றேன்.

கேட்டதுடா. "டேய் தடியா, கால் துடுப்பு கழண்டுடுச்சு! காத்து என்னைப் படகு போற வழிக்குத் தள்ளுது, வந்து இழுடா!" ஒரு சொல் விடாமல் கேட்டது. அப்போதுதான் என் தூண்டிலில் எட்டு பவுண்டு பாஸ் மீன் மாட்டியிருந்தது. அது களைத்துப் போகட்டும் என்று தண்ணீரில் காலை உதைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு படகு உன்னை இடித்தது. அந்த அலையில் மீனும் அறுத்துக்கொண்டு போனது.

உன்னைத் தூக்கிக் கரைசேர்த்த உல்லாசப் படகுக்காரி என்னிடம், "என்னங்க, மீனு சௌக்கியமா?" என்றாள்.

உனக்கும் தெரிந்திருக்கும். மிதவையில் காலை உதைத்தால் பின்பக்கமாகத்தான் போகும். உன்னை நோக்கி வந்திருந்தால் என் முதுகு தெரிந்திருக்கும். நீ கடைசிவரை பார்த்தது என் முகத்தை.

இப்படிக்கு,
காது நன்றாகக் கேட்கும் உன் சிநேகிதன்