வலிக்கிற இடம்

அன்புள்ள அப்பாவுக்கு,

பெருமாள்மலையில் மழை விட்டதா? உங்கள் தோள்பட்டை எப்படி இருக்கிறது? பேரிக்காய்ப் பெட்டி தூக்கும்போது துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்கிறீர்களா? நான் இங்கே விளையாட்டு விடுதியில் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

போன வாரம் பயிற்சி ஓட்டத்தில் பாதியிலேயே நின்றுவிட்டேன். பயப்பட ஒன்றும் இல்லை. கால் நன்றாகத்தான் இருந்தது, மூச்சும் வாங்கவில்லை. ஆனாலும் ஓட முடியவில்லை. புல்லில் உட்கார்ந்து அழுதேன். கோச் ஓடிவந்து எங்கே வலி என்று கேட்டார். எதைக் காட்டுவது? முட்டியைக் காட்டினேன்.

அதிலிருந்து முட்டிக்கு ஐஸ், கட்டு, ஒரே ராஜ உபசாரம். நல்ல காலை வைத்துக்கொண்டு நொண்டுவதுதான் பெரும்பாடு. நேற்று மறந்துபோய் மறுகாலில் நொண்டிவிட்டேன். என் ரூமில் இருக்கும் பழனிக்காரி தேவசேனா பார்த்துவிட்டாள், ஈட்டி எறிகிறவள். சிரிப்பாள் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு, "போன வருசம் தோள் வலின்னு சொல்லிப் படுத்துக் கெடந்தேன்ல, அதுவும் இந்த வலிதான்டி" என்றாள்.

கோச்சிடம் சொல்லிவிடலாமா என்றேன்.

"காலுன்னா ஐஸ் வைப்பாங்க. இதுக்கு, இவ தேற மாட்டான்னு ஊருக்கு டிக்கெட்டுதான் போடுவாங்க."

யூகலிப்டஸ் தைலம் ஒரு பாட்டில் அனுப்புங்கள். இந்த வடநாட்டு வெயில் கொளுத்துகிறது, இருந்தாலும் உங்கள் பழைய மப்ளரையும் சேர்த்து வையுங்கள். துவைக்க வேண்டாம்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனில் "எங்கன வலிக்குது, தாயி?" என்று கேட்பீர்கள். சுற்றிலும் ஆட்கள் இருப்பார்கள். முட்டி என்றுதான் சொல்வேன். நம்பாதீர்கள், அப்பா.

உங்கள் இந்து