உலைக்களத்தில் ஒரு தும்மல்

அன்புள்ள நியாம்ஹாங்கோ, நீயும் பிள்ளைகளும் ஆடுகளும் நலந்தானே? என் தொப்பை நலம்.

நேற்று உலையைத் திறந்தால் இரும்புக்குப் பதில் வெறும் கசடு. உலை வேலை முடியும்வரை யாரும் மனைவியை நெருங்கக்கூடாதே, நெருங்கினால் இரும்பு கசடாகிவிடும் என்பார்களே! எந்நேரமும் உன்னைப் பற்றியே பேசுகிறவன் என்பதால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னை விரட்டிவிட்டால் மழைக்கு முன் நமக்குக் கூலி மண்வெட்டி கிடைக்காது.

"யோவ் கோண்ட்வே, ஊருக்குப் போனியா?" என்றார் உலைக்களத் தலைவர் சிபேதா.

"நாலு நாள் நடைண்ணே! இந்தத் தொப்பையோட போனா அவளே துரத்திடுவா."

அப்போது தலைவரின் குடிசைக்குள், ஊரில் இருக்கவேண்டிய அவர் மனைவி தும்மினாள்!

இனி புது உலை கட்டவேண்டும். இன்னும் ஒரு மாதம். மண்வெட்டி நிச்சயம். உப்பும் வேர்க்கடலையும் உன் தம்பியிடம் கொடுத்தனுப்பு. நீ வராதே. வந்தால் ஆற்றுக்கு அக்கரையிலேயே நில், இங்கிருந்து பார்க்கிறேன்.

புது உலைக்குக் களிமண் மிதிக்கக் கூப்பிடுகிறார்கள்.

உன் கோண்ட்வே