வீட்டுல ஆம்பளைங்க இருக்காங்களா?

மார்ச் 3

வாசல் குழாயில் வாஷர் போய்விட்டது, சொட்டிக்கொண்டே இருக்கிறது. இவர் காலையில் சாவிக்கொத்தை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடினார். மறதி நோய் என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் தாண்டிவிட்டது, சாவி தேடுவதெல்லாம் எங்களுக்குப் பழகிப்போன விஷயம். "குளுகுளுன்னு இருக்கட்டும்னு வெச்சேன்" என்று சமாளித்தார். எது குறைந்தாலும் இந்த மனுஷனுக்குக் குறும்பு மட்டும் குறையவில்லை.

மார்ச் 9

எழுதிப் பார்த்தால்தான் நடந்தது என்று நம்புவேன்.

சாயங்காலம் தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். "மீட்டர் பாக்கணும்ங்க. வீட்டுல ஆம்பளைங்க இருக்காங்களா?" என்றார். வேலையில் இருந்த காலமெல்லாம் கரண்ட் மீட்டர் கணக்கெடுக்க வீடு வீடாக ஏறி இறங்கியவர். இவர் கிண்டல் எனக்குத் தெரியாதா? நானும் விடவில்லை. "ஒருத்தர் இருந்தாரு, ஊர் சுத்தப் போயிருக்காரு" என்றேன்.

"அப்ப நான் அப்புறம் வரேங்க."

திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார். முகத்தில் சிரிப்பே இல்லை. என்னை நீ, வா, போ என்பதைத் தவிர வேறெப்படியும் பேசியறியாதவர். அந்த 'ங்க'வைக் கேட்டதும்தான் இது கிண்டல் இல்லை என்று புரிந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். உதறினார். "என்னம்மா இது? யாராச்சும் பாத்தா என்ன நெனைப்பாங்க?"

பக்கத்து வீட்டு டெய்லர் வந்து பேச்சுக்கொடுத்து உள்ளே கூட்டிவந்து விட்டார்.

யாராச்சும் பார்த்தாலா? என்னோடு நின்றதற்கா? என்னோடா?

மார்ச் 10

காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி, "காபி எங்கடி?" என்றார். 'டி' போட்டால் எனக்குச் சுள்ளென்று வரும். இன்று இன்னொரு தரம் சொல்ல மாட்டாரா என்று இருந்தது.

மார்ச் 17

மறுபடியும். இந்தத் தடவை பகலில், நல்ல வெயிலில்.

பெண் தனியாக இருக்கும் வீட்டில் படி ஏறுவதில்லை என்பது வேலையில் இவர் வைத்திருந்த கட்டுப்பாடு. "ஒருத்தன் மனசுல சந்தேகம் வந்துட்டா நம்ம சட்டைக்கு மரியாதை போச்சு" என்பார். கேட்டிலேயே நின்று கேட்டுவிட்டு, ஆம்பளை இல்லையென்றால் மறுநாள் வந்து பார்த்துக்கொள்வாராம். ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, இன்று அந்த நல்ல பழக்கம் என் வீட்டு வாசலிலேயே வந்து நிற்கிறது.

சுவரில் இருந்த கல்யாண போட்டோவைக் கழற்றி எடுத்து வந்து காட்டினேன். நன்றாகப் பார்த்தார். "ஆமா, இது என் வீட்டுக்காரி. இவளுக்கு மட்டும் தெரிஞ்சா என்னை உயிரோட விடமாட்டா. தள்ளி நில்லுங்க."

எனக்கு ஆத்திரம். சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். தள்ளிவிட்டார். கேட்டில் முழங்கை இடித்து ரத்தம் வந்துவிட்டது. நாங்கள் போடாத சண்டையா? ஒருநாளும் கை நீண்டதில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். வலி கூடத் தெரியவில்லை — இவரா, இவரா என்றே மனசு கேட்டுக்கொண்டிருந்தது.

மகள் போனில் அழுதாள். "இப்படியே வெளிய நின்னு, ஒருநாள் கால் போன போக்குல போயிடுவாரும்மா. காப்பகத்துல விட்டுடலாம். இந்த மாசம் பாரு, சரியா வரலைன்னா நானே வந்து கூட்டிட்டுப் போறேன்." போனை வை என்றேன். அவள் சொல்வதில் என்ன தப்பு?

மார்ச் 18

முழங்கை வீங்கியிருக்கிறது. "யாருடி உன்னை அடிச்சா?" என்று கேட்டு, மருந்து தடவிவிட்டார்.

மார்ச் 24

ஆஸ்பத்திரியில் மறதி நோயாளிகளின் வீட்டாருக்கு வகுப்பு நடக்கிறது என்று டெய்லர் சொல்லிப் போனேன். நர்ஸ் பாடம் எடுப்பாள் என்று பார்த்தால் நாடகம் போடச் சொன்னாள். நான் என் வீட்டுக்காரராம். நானாக நடிக்க, அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் ஒரு லாரி டிரைவர். மீசையை முறுக்கிக்கொண்டு, "நான்தாங்க உங்க பொண்டாட்டி, உள்ள வாங்க" என்றார். எல்லோருக்கும் சிரிப்பு, எனக்கும்தான். பிறகு, நான் செய்தேன் என்று சொன்னபடியே மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

முன்பின் தெரியாத கை. "கைய விடுய்யா!" என்று கத்திவிட்டேன். தள்ளியும் விட்டேன். அந்த மனுஷன் பாவம், நாற்காலியில் மோதி நின்றார்.

இவருக்கும் அன்றைக்கு இப்படித்தான் இருந்திருக்குமோ?

நர்ஸ் கேட்டாள்: "எப்படி இருந்தா நீங்களா உள்ள போயிருப்பீங்க?"

"வீட்டுல ஆம்பளை இருந்தா."

"அவ்வளவுதாம்மா. நீங்க யாருன்னு நிரூபிக்காதீங்க. அவருக்கு எது வேணுமோ அதைக் குடுங்க."

ஆம்பளைக்கு நான் எங்கே போவேன் என்றேன். மறுபடியும் சிரித்தார்கள். டிரைவர்தான் சத்தமாகச் சிரித்தார்.

ஏப்ரல் 2

கேட்டில் நின்றார். அதே கேள்வி. நான் கிட்டப் போகவில்லை. திரும்பி, ஆளில்லாத கூடத்தைப் பார்த்துக் கூப்பிட்டேன்: "என்னங்க! மீட்டர் பாக்க வந்திருக்காங்க!"

"இந்தா வந்துட்டேன்."

குரல் என் முதுகுக்குப் பின்னால், கேட்டிலிருந்து வந்தது. நான் 'என்னங்க' என்றால் இவர் எப்போதும் சொல்கிற பதில். கேட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றி, உள்ளே வந்தார். வந்துவிட்டார், என் ஆள் வந்துவிட்டார் என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "மீட்டர் எந்தப் பக்கம்ங்க?"

வாய் பழக்கத்தில் பதில் சொல்லியிருக்கிறது. ஆள் வரவில்லை.

மீட்டரைக் காட்டினேன். சரியாக ஓடுகிறது என்றார். டீ கொடுத்தேன், உட்கார்ந்து குடித்தார். கொஞ்ச நேரத்தில் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். ஆனால் வீட்டுக்குள் தூங்கினார்.

ஏப்ரல் 8

மகளிடம் காப்பகம் இப்போதைக்கு வேண்டாம் என்றேன். "உள்ளதான் யாருமே இல்லையேம்மா, யாரைக் கூப்பிடுற?" என்றாள். குக்கர் விசில் அடிக்கிறது என்று வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 21

இப்போது தினமும் வருகிறார். 'டி' கேட்டு நாளாகிவிட்டது. நான் கூப்பிட்டால் அந்தப் பதிலும் வருவதில்லை. உள்ளே ஒருத்தர் இருக்கிறார் என்று நம்பி, தலையைக் குனிந்துகொண்டு மரியாதையாக வருகிறார். சாப்பிடுகிறார். தள்ளுவதில்லை.

இன்று டீயைக் கையில் வைத்துக்கொண்டு படுக்கையறைப் பக்கமே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தப்பா நெனைக்காதீங்க. உங்க வீட்டுக்காரரை ஒருநாளும் வெளிய பாக்கலையே. உடம்பு சரியில்லைங்களா?" என்றார்.

அவர் பார்த்த பக்கமே நானும் பார்த்தேன். "ஆமாங்க" என்றேன்.

"ரொம்ப நாளாவா?"

"ஆமாங்க."

டம்ளரைக் கீழே வைத்தார். "பாவம். எங்கயும் விட்டுடாதீங்கம்மா. கூடவே வெச்சுப் பாத்துக்கங்க."

"பாத்துக்கிறேங்க" என்றேன்.